செல்லு, விரதம், ஆட்டோஃபேஜி: என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க

நான் பினாங்கு ஜெலுத்தோங்ல ஃபார்ம் ஃபோர், ஃபார்ம் ஃபைவ் பிள்ளைங்களுக்கு பயோலஜி டியூஷன் எடுக்கிறேன். கொஞ்ச வருஷமா பிள்ளைங்க கேக்குறத விட அவங்கள ஏத்திட்டுப் போக வர்ற அம்மா அப்பா கேக்குறதுதான் அதிகமாயிருச்சு. எல்லாம் வாட்ஸ்அப்ல சுத்துற அந்த ஒரு மெசேஜால வந்தது, "16 மணி நேரம் பட்டினி கெடந்தா உடம்பு கெட்ட செல்லை எல்லாம் தானே தின்னுரும், ஜப்பான் டாக்டருக்கு இதுக்குத்தான் நோபல் பரிசு"ன்னு. மோட்டோவ ஆஃப் பண்ணாம கேட்டுல நின்னே கேக்குறாங்க, அப்படி அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயமும் இல்ல, பாதி சொல்லி அனுப்புனா அதுவே இன்னொரு தப்பான மெசேஜாப் போயிரும்.

அதனால கேட்ட கேள்விய கேட்டவங்க சொன்ன மாதிரியே போட்டு பதில் எழுதியிருக்கேன். மேல இருக்கிறது லேசானது, கீழ போகப் போக கொஞ்சம் யோசிக்கணும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவங்க மத்தத எல்லாம் விட்டுட்டு நேரா அந்தக் கேள்விக்குப் போயிருங்க, அது ஏழாவது.

1. செல்லு தன்னைத்தானே கட்டுப்படுத்துதுன்னு சொல்றீங்களே டீச்சர், அதுக்கு மூளையா இருக்கு?

இல்ல. வீட்டுல ரைஸ் குக்கர் இருக்கில்ல, அதுக்கு மூளை கிடையாது, ஆனா சோறு வெந்ததும் தானா டப்புன்னு கீப் வார்முக்கு மாறுது. தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியத் தாண்டாது, தண்ணி வத்துனதும் சூடு மேல ஏறுது, அடியில இருக்கிற காந்தம் அந்தச் சூட்டுல பிடிய விட்டுருது, சுவிட்ச் விழுந்துருது. குக்கர் எதையும் "முடிவு" பண்ணல, ஒரு அளவு மாறுச்சு, அதுக்கு ஏத்த மாதிரி ஒரு பாகம் மாறுச்சு, அவ்வளவுதான்.

செல்லுக்குள்ள அந்தக் காந்தம் மாதிரி ஆயிரக்கணக்கான புரோட்டீன் இருக்கு. ஒண்ணு சர்க்கரை அளவ பாக்கும், ஒண்ணு ஆக்சிஜன பாக்கும், ஒண்ணு டிஎன்ஏ உடைஞ்சிருக்கான்னு பாக்கும். தான் பாக்குற பொருள் வந்து ஒட்டுனா புரோட்டீனோட வடிவம் மாறும், வடிவம் மாறுனா வேலை மாறும். நம்ம உடம்புல சுமார் 30 ட்ரில்லியன் செல்லு இருக்கு, ஒரு நாளைக்கு சுமார் 330 பில்லியன் செல்லு போயி புதுசு வருது, அதுல பெரும்பங்கு ரத்த செல்லு. இவ்வளவையும் மேல உக்காந்து பாத்துக்க ஒரு முதலாளி இல்ல, ஒவ்வொரு செல்லும் தன்னோட அளவப் பாத்து தானே கூட்டிக் குறைச்சுக்குது. இதை மட்டும் மனசுல வச்சிக்கிட்டீங்கன்னா கீழ வர்ற எல்லாமே சுலபமாப் புரியும்.

2. ஆட்டோஃபேஜி ஆட்டோஃபேஜின்றாங்களே, அது என்னதான்?

தமிழ்ல தன்னுண்ணல்னு எழுதுவாங்க. செல்லு தன்னோட பாகத்தையே தின்னுக்கிறது. நம்ம தாமான்ல "சூராட்காபார் லாமா"ன்னு ஸ்பீக்கர் போட்டுக்கிட்டு ஒரு லோரி வருமே, பழைய பேப்பர், ஓடாத ஃபேன், துருப்பிடிச்ச இரும்பு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவாங்க, அத நினைச்சிக்கோங்க. செல்லுக்குள்ள ஒரு மெல்லிசான சவ்வு கிண்ணம் மாதிரி வளைஞ்சு வரும், பழைய புரோட்டீன், செல்லுக்கு சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா உடைஞ்சிருந்தா அதுன்னு அள்ளி உள்ள போட்டு வாய மூடிக்கும், அப்புறம் லைசோசோம்னு ஒரு பையோட போயி சேரும். லைசோசோம் உள்ள அமிலமும் என்சைமும் இருக்கு, எல்லாத்தையும் கரைச்சிரும்.

முக்கியமானது அதுக்கு அப்புறம்தான். கரைச்சதை வெளிய கொட்டுறதில்ல, புரோட்டீனோட செங்கல் மாதிரி இருக்கிற அமினோ அமிலமா உடைச்சு மறுபடியும் செல்லுக்கே குடுத்துருது. நாம ஒரு நாளைக்கு சாப்பாட்டுல எடுக்கிற புரோட்டீன் 70 கிராம் வாக்குல இருக்கும், ஆனா உடம்பு ஒரு நாளைக்கு உடைச்சு திரும்பக் கட்டுறது 200, 300 கிராம். அந்த மிச்சம் எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க, பழச உருக்கித்தான். அந்த வேலையில ஆட்டோஃபேஜி ஒரு வழி. இன்னொரு வழி, வேண்டாத புரோட்டீனுக்கு மேல உபிகுவிட்டின்னு ஒரு சீட்டு ஒட்டி நொறுக்குற மிஷின்ல தள்றது, அதக் கண்டுபிடிச்சவங்களுக்கு 2004ல வேதியியல் நோபல் கெடச்சது.

லைசோசோமையும் கண்டுபிடிச்சு, 1963ல ஆட்டோஃபேஜின்ற பேரையும் வச்சவரு பெல்ஜியத்துக்காரரு கிறிஸ்டியான் த டுவ். அவருக்கு 1974ல நோபல். அதாவது இது புதுசா வந்த ஒண்ணு இல்ல.

3. அந்த ஜப்பான் டாக்டரு விரதம் இருந்தா நோய் வராதுன்னு கண்டுபிடிச்சுத்தானே நோபல் வாங்குனாரு?

இல்லவே இல்ல. இதுதான் என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். யோஷினோரி ஓசுமி மருத்துவரு இல்ல, ஆராய்ச்சி விஞ்ஞானி. மனுஷன பட்டினி போட்டும் பாக்கல, அவரு பட்டினி போட்டது ஈஸ்ட்ட. ஆமா, ரொட்டி மாவுல போடுற அதே ஈஸ்ட் வகைதான். 1988ல, 43 வயசுல தோக்கியோ பல்கலைக்கழகத்துல தனியா ஒரு சின்ன லேப் ஆரம்பிச்சாரு, எல்லாரும் செல்லு எப்படி கட்டுதுன்னு பாத்துக்கிட்டு இருந்த காலத்துல இவரு செல்லு எப்படி உடைக்குதுன்னு பாக்கப் போனாரு.

ஈஸ்ட்ல லைசோசோம் வேலைய வாக்குவோல்னு ஒரு பெரிய பை செய்யுது. அதுக்குள்ள ஏதாவது போனாலும் உடனே கரைஞ்சிரும், பாக்கவே முடியாது. அதனால கரைக்கிற என்சைம் இல்லாத ஈஸ்ட்ட எடுத்து, சத்து இல்லாத தண்ணியில போட்டு, மைக்ராஸ்கோப்ல பாத்துக்கிட்டே இருந்தாரு. கொஞ்ச நேரத்துலயே அந்தப் பைக்குள்ள குட்டிக் குட்டி உருண்டையா நிறைஞ்சு துள்ள ஆரம்பிச்சது. வந்த குப்பை கரையாம குவியுது, இதுதான் ஆட்டோஃபேஜி! 1992ல அத எழுதுனாரு. அப்புறம் ஆயிரக்கணக்கான ஈஸ்ட்ல ஜீன கெடுத்து, எந்த ஜீன் கெட்டா அந்த உருண்டை வராமப் போகுதுன்னு தேடி, 1993ல 15 ஜீன வெளியிட்டாரு. அதே ஜீன்களோட சொந்தக்கார ஜீன்கள் நம்மகிட்டயும் இருக்கு. 2016ல நோபல் குடுத்தது இதுக்குத்தான், வேற யாரோடயும் பங்கு போடாம அவரு ஒருத்தருக்கே. 16 மணி நேரம்ன்ற கணக்கு அவரோட ஆராய்ச்சியில இல்ல.

போன வருஷம் என் பிள்ளைங்களோட இதப் பாக்கணும்னு பேக்கரி சாமான் கடையில ஒரு பாக்கெட் ஈஸ்ட் வாங்கி, வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணியில கலக்கி, ஒரு சொட்டு ஸ்லைடுல வச்சு 400 மடங்குல பாத்தோம். முட்டை மாதிரி ஒவ்வொரு செல்லும், சிலதுல பக்கத்துல குட்டி மொட்டு, உள்ள கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். அந்த வட்டம்தான் வாக்குவோல். உருண்டை எதுவும் தெரியலையேன்னு பிள்ளைங்க கேட்டாங்க, எப்படித் தெரியும், நம்ம ஈஸ்ட்ல என்சைம் இருக்கே, போனது போன வேகத்துல கரைஞ்சிருமே. அவரு ஏன் என்சைம் இல்லாத ஈஸ்ட்ட தேடிப் போனாருன்னு அன்னைக்குத்தான் அவங்களுக்கு உறைச்சது.

4. அந்த லோரிய எப்ப வரச் சொல்லணும்னு செல்லுக்கு எப்படித் தெரியும்?

எம்டோர்னு ஒரு புரோட்டீன் இருக்கு. இது கண்டுபிடிச்ச கதையே பெரிய கதை. 1964 கடைசியில கனடாவுல இருந்து ஒரு குழு பசிபிக் கடல் நடுவுல இருக்கிற ஈஸ்டர் தீவுக்குப் போயி மண்ணு எடுத்துட்டு வந்தாங்க. அந்த மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியா காளான் வகைய வளர விடாம தடுக்கிற ஒரு மருந்த செய்யுதுன்னு மொன்ட்ரியல்ல சுரேன் சேகல்னு ஒரு விஞ்ஞானி பிரிச்செடுத்தாரு. தீவோட சொந்தப் பேரு ராப்பா நூயி, அதனால மருந்துக்கு ராப்பமைசின்னு பேரு. கம்பெனி அந்த லேப்ப மூடுனப்ப அவரு அந்தக் கிருமிய தூக்கிப் போட மனசு வராம வீட்டு ஃப்ரீசர்ல வச்சிருந்தாரு. பிறகு அது 1999ல கிட்னி மாத்துனவங்களுக்கு மருந்தா வந்துச்சு. ராப்பமைசின் செல்லுல எதப் போயி புடிக்குதுன்னு சுவிட்சர்லாந்துல மைக்கல் ஹால் குழு 1991ல கண்டுபிடிச்சது, அதுவும் ஈஸ்ட்லதான். அதுதான் டோர். நம்ம மாதிரி பாலூட்டிங்ககிட்ட இருக்கிறது எம்டோர்.

எம்டோர் லைசோசோம் மேலயே போயி உக்காரும். அமினோ அமிலம் இருக்கா, முக்கியமா லூசின் இருக்கா, இன்சுலின் சொல்லி அனுப்பியிருக்கான்னு பாக்கும். இருந்தா "கட்டு, வளரு"ன்னு சொல்லி லோரிய நிறுத்தி வச்சிரும். நீங்க ரெண்டு அவிச்ச முட்டை சாப்பிட்டாலே போதும், எம்டோர் வேலைக்கு வந்துரும். சத்து குறைஞ்சா எம்டோர் அடங்கும், லோரி கிளம்பும்.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. லோரி அள்ளிட்டுப் போனத லைசோசோம் கரைச்சு அமினோ அமிலமாக்குதில்ல, அந்த அமினோ அமிலமே எம்டோர திரும்ப எழுப்பி விடுது. எம்டோர் எழுந்தா லோரி நிக்கும். அதாவது பட்டினி தொடர்ந்தா கூட ஆட்டோஃபேஜி கண்ணு மூடிக்கிட்டு எல்லாத்தையும் தின்னுட்டுப் போகாது, தானே தன்ன நிறுத்திக்கும். 2010ல இத காட்டுனாங்க. ரைஸ் குக்கர் மாதிரிதான், வேலை முடிஞ்சதே சுவிட்ச தட்டி விடுது.

5. சரி, கரெக்ட்டா எத்தனை மணி நேரத்துல ஸ்டார்ட் ஆகும்? 16ஆ, 18ஆ, 24ஆ?

முதல்ல, "ஸ்டார்ட்" ஆகுறதுன்னு ஒண்ணு இல்ல. இப்ப நீங்க இதப் படிக்கிறப்பவும், பசியாறி முடிச்சு வயிறு நிறைய இருக்கிறப்பவும் அது ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. 2006ல ஜப்பான்ல ரெண்டு குழு எலியோட மூளையில மட்டும் ஆட்டோஃபேஜி ஜீன எடுத்துட்டாங்க, பட்டினி போடல, நல்லா சாப்பாடு குடுத்தாங்க, அப்படியும் நரம்பு செல்லுக்குள்ள புரோட்டீன் கட்டி கட்டியா சேந்து எலி தள்ளாட ஆரம்பிச்சிருச்சு. சும்மா இருக்கும்போதே ஓடுற அந்த மெதுவான ஓட்டம் எவ்வளவு முக்கியம்னு அப்பதான் தெரிஞ்சது. பட்டினி அந்த ஓட்டத்த வேகப்படுத்தும், ஆரம்பிச்சு வைக்காது.

மணிக்கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, பெரும்பாலும் எலியில இருந்து. எலிய 24 மணி நேரம் பட்டினி போட்டா ஈரல், தசையிலெல்லாம் ஆட்டோஃபேஜி நல்லா ஏறுறது தெரியும். ஆனா எலிக்கு ஒரு நாள் பட்டினின்றது நமக்கு ஒரு நாள் மாதிரி இல்ல, ஒரே நாள்ல அதோட எடையில சுமாரா பத்துல ஒரு பங்கு போயிரும். நீங்க 70 கிலோன்னா ஒரே நாள்ல 7 கிலோ குறையுற மாதிரி. அதோட உயிரோட இருக்கிற மனுஷனுக்கு ஈரல்லயும் மூளையிலயும் லோரி எத்தனை ஓடுதுன்னு எண்ணிப் பாக்குற டெஸ்ட்டு கிளினிக்ல கிடையாது. அதனால "16 மணி 1 நிமிஷத்துல ஆரம்பம்"னு படம் போட்டு வர்ற டைம்டேபிள நம்பாதீங்க. ஒவ்வொரு உறுப்புக்கும் வேற வேகம், நேத்து என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு நடந்தீங்க, எல்லாத்தையும் பொறுத்தது. பட்டினியே இல்லாம 2012ல எலிய டிரெட்மில்ல ஓட விட்டு தசையில ஆட்டோஃபேஜி ஏறுறத பாத்திருக்காங்க, அதையும் மறந்துராதீங்க.

6. நான் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கேன், அதுல செல்லு சுத்தமாகும்தானே?

நீங்க தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறது முருகனுக்காக. அதுக்கு சயின்ஸ் சர்டிபிகேட் தேவையில்ல, அந்த பக்திய ஆட்டோஃபேஜியால அளக்கவும் வேண்டாம்னு நான் நினைக்கிறேன். எங்க அம்மாவும் வருஷா வருஷம் இருந்தவங்கதான்.

உடம்புன்னு மட்டும் கேட்டா, ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு, அசைவமும் இல்லைன்னா இன்சுலினும் எம்டோரும் கொஞ்ச நேரம் அடங்கி இருக்கும், அது உண்மை. ஆனா ராத்திரி ஒரே வேளையில கேசரி, சர்க்கரைப் பொங்கல், சிரப் தண்ணின்னு ஏத்துனீங்கன்னா நாலாவது பதில்ல சொன்ன அந்த எம்டோர் முழு வேகத்துல எழுந்துரும். சைவமா இருக்கிறதும் சர்க்கரை குறைச்சலா இருக்கிறதும் ஒண்ணு இல்ல.

7. எனக்கு இனிப்பு நீர் இருக்கு டீச்சர். மருந்த நிப்பாட்டிட்டு இந்த 16 மணி நேரம் இருந்து பாக்கவா?

வேண்டாங்க்கா. மருந்த நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம், மருந்தப் போட்டுட்டு நீங்களா சாப்பிடாமயும் இருக்க வேண்டாம். ரெண்டுமே ஆபத்து. 2023 தேசிய சுகாதார ஆய்வுல நம்ம நாட்டுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காட்டுப் பேருக்கு நீரிழிவுன்னு வந்திருக்கு, இனவாரியா பாத்தா நம்ம இந்தியர்கள்லதான் அதிகம். அப்போ இந்த மெசேஜ் போயி சேர்ற நிறைய குடும்பத்துல யாராவது ஒருத்தரு மருந்து சாப்பிடுறவங்களா இருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது.

ஒரு நாள் டியூஷன் முடிஞ்சு ஒரு பிள்ளையோட பாட்டி எங்க வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. கையி நடுங்குது, நெத்தியெல்லாம் வேர்வை, பேரனோட பேர மாத்திச் சொல்றாங்க. காலையில கிளிக்லசைடு மாத்திரை போட்டிருக்காங்க, மெசேஜ பாத்துட்டு சாப்பாட்ட விட்டுட்டாங்க. மூணு டீஸ்பூன் சீனிய தண்ணியில கலக்கிக் குடுத்தோம், பதினஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சாங்க, சர்க்கரை பாக்குற மிஷின்ல பாத்தா அப்பவும் 4க்குக் கீழ, அதாவது இன்னும் குறைவாத்தான் இருக்கு, இன்னொரு தடவை குடுத்து பிஸ்கட்டும் குடுத்துத்தான் அனுப்புனோம். கிளிக்லசைடு மாதிரி மாத்திரையும் இன்சுலின் ஊசியும் நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது, சர்க்கரைய இறக்கிக்கிட்டேதான் இருக்கும். சிறுநீர் வழியா சர்க்கரைய வெளியேத்துற புது மாத்திரைங்க இருக்கு, அதப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பட்டினி கெடந்தா ரத்தத்துல அமிலம் ஏறுற அபாயம் இருக்கு.

விரதம் இருக்கணும்னா கிளினிக் கெசிஹாத்தான்ல உங்க டாக்டர்கிட்ட ரெண்டு மூணு வாரம் முன்னாடியே சொல்லுங்க. நோன்பு மாசத்துக்கு முன்னாடி மலாய்க்காரங்களுக்கு மருந்து நேரத்தையும் அளவையும் மாத்திக் குடுக்கிறது அவங்களுக்குப் பழக்கமான வேலைதான், நமக்கும் செய்வாங்க. சிலருக்கு வேண்டாம்னே சொல்வாங்க, அதக் கேட்டுக்கோங்க.

8. பட்டினி போட்டா கேன்சர் செல்லு செத்துரும்னு எங்க மச்சான் சொல்றாரே?

உங்க மச்சான் சொல்றதுல ஒரு பாதி எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்றேன். 1999ல பெத் லெவின்னு ஒரு அம்மா, பெக்லின் 1ன்ற ஆட்டோஃபேஜி ஜீன மார்பகக் கேன்சர் செல்லுல கூட்டுனா அது கட்டியா வளர்றது குறையுதுன்னு காட்டுனாங்க. குப்பைய நேரத்துக்கு அள்ளிட்டா செல்லு கெட்டுப்போறது குறையும், அது நியாயம்தான்.

ஆனா கேன்சர் வந்துட்ட பிறகு கதை தலைகீழாப் போயிருது. கட்டிக்குள்ள ரத்தம் சரியாப் போகாது, சாப்பாடு பத்தாது, அப்ப அந்த கேன்சர் செல்லு உயிர் பொழைக்கிறதே ஆட்டோஃபேஜிய வச்சுத்தான், கணையக் கேன்சர்ல இது ரொம்ப அதிகம். அதனாலதான் டாக்டருங்க ஆட்டோஃபேஜிய கூட்டுறதுக்கு இல்ல, நிறுத்துறதுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்ற பழைய மலேரியா மருந்த கேன்சர் நோயாளிங்ககிட்ட சோதிச்சுப் பாத்தாங்க. கீமோ எடுக்கிறவங்களுக்கு எடையும் தசையும் குறையுறதே பெரிய பிரச்சினை. அவங்கள பட்டினி போடச் சொல்லாதீங்க, தயவு செஞ்சு.

9. செல்லு தானே தற்கொலை பண்ணிக்குமாமே, அதுவும் ஆட்டோஃபேஜியும் ஒண்ணா?

ஒண்ணு இல்ல. அது அப்போப்டோசிஸ், 1972ல வச்ச பேரு. ஆட்டோஃபேஜி வீட்டுல பழைய சாமான தள்றது, அப்போப்டோசிஸ் வீட்டையே ஒழுங்கா பிரிச்சு பலகை பலகையா அடுக்கிக் குடுத்துர்றது, பக்கத்து வீட்டுக்கு தூசி கூட விழாது. கருவுல நம்ம கையி முதல்ல வாத்துக் கால் மாதிரி ஒட்டியிருக்கும், நடுவுல இருக்கிற செல்லு இப்படி செத்துப் போறதாலதான் விரல் பிரியுது.

ஒரு மில்லிமீட்டர் நீளத்துல சி. எலிகன்ஸ்னு ஒரு புழு இருக்கு. அது வளர்றப்ப உடம்பு செல்லு 1090 உருவாகும், அதுல 131 செத்துப் போகும், மிச்சம் 959. எந்தப் புழுவ எடுத்தாலும் அதே 131 செல்லுதான். இந்தக் கணக்க எடுத்து ஜீன கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2002ல நோபல்.

10. பி53 கேன்சர தடுக்குதுன்னு படிச்சோம். அப்ப அது எப்பவும் ஃபுல்லா ஆன்ல இருந்தா நல்லதுதானே டீச்சர்?

இது ஒரு ஃபார்ம் ஃபைவ் பையன் கேட்டது, எனக்கு அன்னைக்கு முழுக்க சந்தோஷமா இருந்துச்சு. பி53ன்றது ஒரு புரோட்டீன், டிஎன்ஏ உடைஞ்சா அது செல்லு பிரியுறத நிறுத்தும், சரி பண்ணப் பாக்கும், முடியலன்னா மேல சொன்ன அப்போப்டோசிஸ்க்கு அனுப்பும். மனுஷனுக்கு வர்ற கேன்சர்ல சுமார் பாதியில இத செய்யுற ஜீன் கெட்டுப் போயிருக்கு. ஆனா பி53 தான் எழுந்த உடனே செய்யுற வேலையில ஒண்ணு, எம்டிஎம்2ன்ற புரோட்டீன செய்யச் சொல்றது. அந்த எம்டிஎம்2 வேலை என்னன்னா பி53ய புடிச்சு உபிகுவிட்டின் சீட்டு ஒட்டி நொறுக்க அனுப்புறது. தன்ன முடிக்கிறவன தானே வளத்து விடுது! அதனால டிஎன்ஏ உடைஞ்ச செல்லுல பி53 ஏறி இறங்கி ஏறி இறங்கி, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அலை மாதிரி வரும்.

எம்டிஎம்2 இல்லாம எலிய உருவாக்குனப்ப ஒண்ணு கூட பொறக்கல, கருவுலயே போயிருச்சு. பி53யையும் சேத்து எடுத்தா பொழைச்சது. 2002ல பி53 அளவுக்கு மீறி வேலை செய்யுற எலிய பாத்தாங்க, கட்டி வர்றது குறைஞ்சது, ஆனா சீக்கிரமே கிழடு தட்டி, எலும்பு தேஞ்சு, ஆயுசும் குறைஞ்சிருச்சு. யானைக்கு இந்த ஜீன் அம்மாகிட்ட சுமார் 20 காப்பி, அப்பாகிட்ட சுமார் 20 காப்பி, நமக்கு அம்மாகிட்ட ஒண்ணு அப்பாகிட்ட ஒண்ணு. யானை மட்டும் எப்படி சமாளிக்குதுன்னா அந்தக் கூடுதல் காப்பி எல்லாம் எப்பவும் கத்திக்கிட்டு இருக்கிறதில்ல, டிஎன்ஏ உடையுறப்ப யானை செல்லு சட்டுன்னு செத்துப் போயிருது.

11. எங்க அப்பாவுக்கு பார்க்கின்சன். இந்தக் குப்பை அள்ற விஷயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னாங்களே?

இருக்கு, குறிப்பா சின்ன வயசுலயே பரம்பரையா வர்ற வகையில. மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு சக்தி குடுக்கிற ஸ்டேஷன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அது கெட்டுப் போச்சுன்னு செல்லு எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு கேளுங்க, ரொம்ப அழகா இருக்கும். பிங்க்1ன்னு ஒரு புரோட்டீன் நல்ல மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போகும், போனதும் நறுக்கி அழிச்சிருவாங்க, அதனால சாதாரணமா அது கண்ணுக்கே தெரியாது. மைட்டோகாண்ட்ரியா கெட்டு அதோட மின்னழுத்தம் போயிருச்சுன்னா பிங்க்1 உள்ள போக முடியாம வாசல்லயே நின்னு கூட்டம் சேரும். அந்தக் கூட்டம்தான் அடையாளம். அது பார்க்கின்னு இன்னொரு புரோட்டீன கூப்பிடும், பார்க்கின் வந்து சீட்டு ஒட்டும், லோரி வந்து அள்ளிரும். பிங்க்1 ஜீனோ பார்க்கின் ஜீனோ கெட்டா அள்ற வேலை நின்னுரும், பார்க்கின்சன்ல சாகுற, டோப்பமின் செய்யுற நரம்பு செல்லு அத தாங்காது.

2025ல மெல்பர்ன் வால்ட்டர் அண்ட் எலைசா ஹால் நிலையத்துல, மனுஷ பிங்க்1 அந்த வாசல்ல எப்படி ஒட்டி நிக்குதுன்னு முதல் தடவையா படமாவே எடுத்துட்டாங்க. பூட்டோட வடிவம் தெரிஞ்சாதான் சாவி செய்யலாம், அதனால இது பெரிய விஷயம். ஆனா இன்னைக்கு அப்பாவுக்குக் குடுக்கிற மருந்து எதுவும் இதால மாறல, அவருக்குக் குடுக்கிற மாத்திரைய நேரம் தவறாம குடுங்க, அந்த நோய்ல நேரம் தவறுனா நடை உடனே கெட்டுப் போகும்.

12. நோட்ஸ்ல ஏஎம்பிகே ஆன் ஆனா ஆட்டோஃபேஜி கூடும்னு இருக்கு, நெட்ல அது தப்புன்னு போட்டிருக்கான். எது சரி?

யூனிவர்சிட்டி போன என் பழைய ஸ்டூடண்ட் கேட்டது. ஏஎம்பிகே செல்லோட பெட்ரோல் மீட்டர், செல்லோட பெட்ரோலான ஏடிபி குறைஞ்சு, அது எரிஞ்ச பிறகு மிஞ்சுற ஏஎம்பி கூடுனா எழும். 2011ல வந்த ஆராய்ச்சி, ஏஎம்பிகே யுஎல்கே1ன்ற ஆட்டோஃபேஜி என்சைம தட்டி எழுப்புது, எம்டோர் அதையே வேற இடத்துல தட்டி தூங்க வைக்குதுன்னு சொல்லுச்சு. ஒரு பக்கம் ஆக்சிலரேட்டர், ஒரு பக்கம் பிரேக், கேக்க நல்லா இருந்ததால எல்லா புத்தகத்துலயும் ஏறிருச்சு.

2023ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு ஒண்ணு அத திரும்ப சோதிச்சுப் பாத்து, குளுக்கோஸ் இல்லாத நேரத்துல ஏஎம்பிகே யுஎல்கே1ஐ அடக்குது, ஆனா அந்த மிஷின கெடாம பாதுகாத்தும் வைக்குதுன்னு எழுதுனாங்க. யோசிச்சா அதுல நியாயம் இருக்கு, பெட்ரோலே இல்லாத நேரத்துல லோரிய ஓட்டுனா அதுக்கும் பெட்ரோல் வேணுமே, ஆனா பின்னாடி தேவைப்படும், அதனால பத்திரமா நிறுத்தி வைக்கணும். அமினோ அமிலம் இல்லாத பட்டினியும் குளுக்கோஸ் இல்லாத பட்டினியும் செல்லுக்கு வேற வேற. எல்லா செல்லுலயும் எல்லா நேரத்துலயும் இதுதான்னு இன்னும் முடியல, வாதம் நடந்துக்கிட்டு இருக்கு. எக்ஸாம்ல நோட்ஸ்ல உள்ளத எழுதுமா, ஆனா புரொஃபசர்கிட்ட இந்த 2023 பேப்பர கொண்டு போயி காட்டு.

13. ஆட்டோஃபேஜி மாத்திரை, ஜூஸ்னு 300 வெள்ளிக்கு விக்கிறாங்க, வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். அஞ்சாவது பதில்ல சொன்ன மாதிரி உங்க உடம்புல ஆட்டோஃபேஜி கூடுச்சா இல்லையான்னு அளக்க கிளினிக்ல வழி இல்லாதப்போ, விக்கிறவரு எத அளந்து சொல்றாரு? பெட்டியில மால் (MAL)னு ஆரம்பிக்கிற சுகாதார அமைச்சு பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா தொடவே தொடாதீங்க, இருந்தாலும் அது பதிவு ஆனதுக்குத்தான் அத்தாட்சி, செல்லு சுத்தமாகும்ன்றதுக்கு இல்ல. ராப்பமைசின் எலியோட ஆயுச கூட்டுச்சுன்னு 2009ல வந்தது உண்மை. அதே மருந்துதான் கிட்னி மாத்துனவங்களுக்கு நோய் எதிர்ப்ப அடக்கி வைக்கக் குடுக்கிறது. அத சும்மா இருக்கிறவங்க ஆன்லைன்ல வாங்கிப் போட்டுக்கிற விஷயம் இல்ல.

14. ஈஸ்டுக்கும் நமக்கும் ஒரே ஜீன்னா, ஈஸ்ட் நமக்கு சொந்தமா டீச்சர்?

மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சுக்கிட்டே ஒருத்தன் கேட்டான். சொந்தம்தான் தம்பி, நூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சு போன சொந்தம். 1987ல லண்டன்ல பால் நர்ஸும் மெலனி லீயும், செல்லு எப்ப ரெண்டாப் பிரியணும்னு சொல்ற ஜீன் கெட்டுப் போன இன்னொரு வகை ஈஸ்ட்ட எடுத்து, மனுஷ ஜீன்கள உள்ள போட்டுப் பாத்தாங்க. ஒரு மனுஷ ஜீன் போனதும் அந்த ஈஸ்ட் பொழைச்சு பிரிய ஆரம்பிச்சிருச்சு. நம்மளோட ஜீன் அந்த ஈஸ்ட்டுக்குள்ள போயி, அதோட வேலைய அப்படியே செஞ்சிருக்கு. செல்லு பிரியுறதப் பத்தின வேலைக்கு நர்ஸுக்கு 2001ல நோபல், இன்னும் ரெண்டு பேரோட சேத்து.

இத சொன்னதும் அவன் மறுபடியும் கண்ண வச்சான். ஒரு செல்லுல இருந்து மொட்டு விட்டுக்கிட்டு இருக்கிறத காட்டி, இதுவும் அந்த ஜீன்தான் செய்யுதான்னு கேட்டான், ஆமா, அதோட சொந்தக்கார ஜீன்னேன். அடுத்த வாரம் வீட்டுல அம்மா டோனட்டுக்கு ஊற வச்ச ஈஸ்ட்ட ஒரு சின்ன பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டு வந்தான்.